பாடம் 9: சிரிப்பு யார்மேல் விழுகிறது?

நுழையுமுன்

நகைச்சுவைப் படக்கதை ஒன்றைப் படித்து முடிக்க இரண்டு நிமிடம் போதும். சிரித்துவிட்டுத் தாளைப் புரட்டிவிடலாம். பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர். அதில் தவறும் இல்லை. ஆயினும் அதே படக்கதையை இரண்டாம் முறை, சிரிப்பு அடங்கிய பின்னர்ப் படித்தால், முதன்முறை கண்ணிற்படாத சில செய்திகள் தெரியவரும். அவ்விரண்டாம் வாசிப்பைப் பற்றியதே இப்பாடம்.

பாடம்

தந்தையின் பணிமாறுதலால் திருச்சிராப்பள்ளியிலிருந்து வடநாட்டு நகரம் ஒன்றிற்கு வந்த மாணவன் ஒருவன், அங்குள்ள மத்தியப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்ந்தான். அதுவரை அவன் இந்தி பேசியதில்லை. சேர்ந்த பத்தாம் நாள், வகுப்பாசிரியர் அவனை அழைத்துப் பக்கத்து அறையிலிருந்து 'ஜாடன்' எடுத்துவருமாறு பணித்தார். ஜாடன் என்பது கரும்பலகையைத் துடைக்கும் துணி. 'ஜாடு' என்பது துடைப்பம். இரண்டு சொற்களையும் அவன் அந்த வாரந்தான் கேட்டிருந்தான். நீண்ட துடைப்பம் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வகுப்பினுள் நுழைந்தான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியரும் தம்மை மறந்து சிரித்துவிட்டார். "சுப்பாண்டி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அடுத்த மணி அடிப்பதற்குள் அதுவே அவன் பெயராயிற்று. அவனும் உடன் சிரித்தான். சிரிக்காவிட்டால் அவர்கள் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

மாலையில் வீடு திரும்பியவன் தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் பயிலும் அக்காவிடம் மட்டும், "யார் அக்கா அந்தச் சுப்பாண்டி?" என்று கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை. மறுநாள் அவள் பள்ளி நூலகத்திலிருந்து பழைய சிறுவர் இதழ்கள் இரண்டை எடுத்துவந்தாள்.

சுப்பாண்டியின் ஊர்

'டிங்கிள்' என்னும் ஆங்கிலச் சிறுவர் இதழ் 1980ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அமர் சித்திரக் கதை நூல்வரிசையை 1967இல் உருவாக்கிய அனந்த் பை என்பவரே இவ்விதழையும் தோற்றுவித்தார். 1983ஆம் ஆண்டு இவ்விதழில் சுப்பாண்டி முதன்முதலாகத் தோன்றினான். ராம் வாயீர்கர் என்னும் ஓவியர் அவனுக்கு உருவம் தந்தார். இந்தியா முழுவதும் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் அவனை அறிவார்கள்.

அவன் பிறந்த கதை தமிழ்நாட்டுக் கதை. கிராமத்துப் பேதை ஒருவனைப் பற்றி வழங்கிவந்த நாட்டுப்புறக் கதைகளைத் திருச்சியைச் சேர்ந்த வாசகர் ஒருவர் எழுதி அனுப்ப, அவற்றிலிருந்தே சுப்பாண்டி படக்கதைகள் உருவாயின. துடைப்பம் கொண்டுவந்த மாணவனும் திருச்சியிலிருந்தே வந்தவன் என்பது தற்செயலே. எனினும் அக்கா அதைச் சொன்னபோது, அவன் முகத்தில் இரண்டு நாளில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. முதற்கதையைப் படித்ததும் இதழை மூடிவைத்துவிட்டான். தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவன் வேலைக்காரனாக இருக்கிறான். எதைச் சொன்னாலும் தவறாகச் செய்கிறான். ஒவ்வொரு முதலாளியும் அவனை வேலையைவிட்டு அனுப்புகிறார். இதில் தன்னையே கண்டதாக அவனுக்குத் தோன்றியது.

"கோபம் வந்தால் வரட்டும். கோபத்தோடேயே இன்னொரு முறை படி" என்றாள் அக்கா.

படக்கதையின் உறுப்புகள்

படக்கதையில் சொற்கள் குறைவு. ஆகவே எழுத்தைப் போலவே படத்தையும் படித்தல் வேண்டும். ஒவ்வொரு சதுரமும் ஒரு கட்டம். ஒரு கட்டம் ஒரு நொடியைக் காட்டும். பேச்சுக்குமிழியின் வால் யாரை நோக்கி வளைகிறதோ, அவரே பேசுகிறார். மேகம் போன்ற குமிழி, வெளியே சொல்லாத எண்ணத்தைக் குறிக்கும். எழுத்துகள் பெரிதாகவும் தடித்தும் இருந்தால் அது கூச்சல்.

இவற்றையெல்லாம் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். பழகுவதற்குக் காலம் பிடிப்பது, கட்டங்களுக்கு நடுவேயுள்ள வெற்றிடத்தைப் படிப்பதுதான். ஒரு கட்டத்தில் ஒருவன் கடைக்குப் புறப்படுகிறான். அடுத்த கட்டத்தில் கடையில் நிற்கிறான். நடுவில் நடந்ததை ஓவியர் வரையவில்லை. படிப்பவரே தம் மனத்தில் வரைந்துகொள்கிறார். நகைச்சுவைப் படக்கதையில் சிரிப்பின் பாதி, இந்த வெற்றிடத்தில்தான் உள்ளது. ஓவியர் சொல்லாமல் விட்டதை நாம் எப்படி நிரப்புகிறோம் என்பது, நம்மைப் பற்றியும் ஏதோ சொல்கிறது.

இப்பாடத்திற்கென அமைக்கப்பெற்ற நான்கு கட்டப் படக்கதை ஒன்று கீழே சொற்களால் தரப்பட்டுள்ளது. மனத்தில் வரைந்துகொண்டு படிக்க.

முதற்கட்டம்: முதலாளி நாற்காலியில் சாய்ந்து நாளிதழ் படிக்கிறார். மேசைமேல் உடைத்த அழுகல் தேங்காய். வேலைக்காரன் கைகட்டி நிற்கிறான். நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமலே முதலாளி சொல்கிறார்: "அடேய்! இனிமேல் எதை வாங்கினாலும் ஆட்டிப் பார்த்து வாங்கு!"

இரண்டாம் கட்டம்: கடை. வேலைக்காரன் முட்டைத் தட்டை இரு கைகளாலும் தலைக்குமேல் தூக்கி ஆட்டுகிறான். கடைக்காரர் வாய் பிளந்து நிற்கிறார்.

மூன்றாம் கட்டம்: வீட்டு வாசல். கூடையிலிருந்து மஞ்சட்கரு சொட்டுகிறது. வேலைக்காரன் மகிழ்ச்சியோடு சொல்கிறான்: "முப்பதையும் ஆட்டிப் பார்த்தேன், ஐயா. முதலில் ஓசை வரவில்லை. விடாமல் ஆட்டினேன், எல்லாவற்றிலும் வந்துவிட்டது!"

நான்காம் கட்டம்: முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். நாளிதழ் தரையில் கிடக்கிறது. அடுக்களை வாசலில் முதலாளியின் மனைவி வாயைப் புடவைத் தலைப்பால் மூடிச் சிரிக்கிறார். அவருடைய கண்கள் வேலைக்காரனை நோக்கவில்லை, கணவரை நோக்குகின்றன.

முதல் வாசிப்பில் நாம் வேலைக்காரனைக் கண்டு சிரிக்கிறோம். இரண்டாம் வாசிப்பில் முதற்கட்டத்திற்குத் திரும்புக. "தேங்காயை ஆட்டிப் பார்த்து வாங்கு" என்று முதலாளி சொல்லவில்லை. "எதை வாங்கினாலும்" என்றே சொன்னார். கட்டளை கேட்டவன் ஒரு சொல்லையும் மாற்றாமல் செய்துமுடித்தான். அப்படியானால் பிழை யாருடையது? நாளிதழை ஓவியர் வீணாக வரையவில்லை. பேசுபவர் தாம் பேசுவதையே கவனிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. நான்காம் கட்டத்தில் ஒரு சொல்லும் பேசாத அம்மையார், சிரிப்பு எங்கே விழ வேண்டும் என்பதைத் தம் பார்வையால் காட்டிவிடுகிறார்.

படத்தில் பேசாதவரைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆர். கே. லட்சுமண் 1951ஆம் ஆண்டு முதல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழில் வரைந்துவந்த கேலிச்சித்திரங்களில், கட்டம்போட்ட மேற்சட்டையும் வேட்டியும் அணிந்த பொதுமனிதர் ஒருவர் எப்போதும் ஓரத்தில் நிற்பார், வாய் திறக்கமாட்டார். அமைச்சர்கள் பேசுவார்கள், அதிகாரிகள் பேசுவார்கள். அவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். மும்பையிலும் புணேயிலும் அவருக்குச் சிலைகள் உண்டு. பேசாத ஒருவருக்குச் சிலை எடுத்த நாடு நம் நாடு!

தேங்காய்க் கதையில் இன்னும் ஒரு செய்தி உண்டு. முதலாளி "அடேய்" என்கிறார்; வேலைக்காரன் "ஐயா" என்கிறான். நான்கு கட்டங்களிலும் அவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. விளிச்சொற்களை மட்டும் தனியே எடுத்து எழுதினால், யார் மேலே, யார் கீழே என்பது விளங்கிவிடும்.

நகை நான்கு

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே எழுப்பினர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மெய்ப்பாடுகள் எட்டு என்று கூறி, அவற்றுள் நகையை முதலாவதாக வைக்கிறது. அந்நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன்.

எள்ளல் என்பது இகழ்ந்து சிரித்தல். இளமை என்பது குழந்தைத்தன்மை கண்டு சிரித்தல். மழலை கேட்டுச் சிரிப்பது இவ்வகை. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதற்கு உரையாசிரியர் தரும் பொருள் மிகவும் நுட்பமானது: பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டு, கொண்டதை விடாமல் பற்றியிருத்தல். அறியாதவனிடம் இருப்பது பேதைமை. ஒன்றைக் கேட்டுக்கொண்டு, இடமறிந்து அதை விடத் தெரியாதவனிடம் இருப்பது மடன்.

முட்டையை ஆட்டியவனிடம் இருந்தது மடன். சுப்பாண்டி கதைகள் பலவற்றிலும் சிரிப்பு பிறக்குமிடம் இதுவே. அவன் சோம்பேறி அல்லன், பொய்யன் அல்லன், சொன்னதைச் சொன்னபடி செய்பவன்.

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. குதிரைமேல் சென்ற குருவின் தலைப்பாகை விழுந்தது, சீடர்கள் எடுக்கவில்லை. "விழுந்ததையெல்லாம் எடுக்க வேண்டாவா?" என்று குரு கடிந்துகொண்டார். உடனே சீடன் ஒருவன், குதிரை போட்ட சாணத்தைத் தலைப்பாகையில் ஏந்தி வந்தான். எடுக்க வேண்டியவை இவை என்று குரு ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். பின்னர்க் குருவே குழியில் விழுந்தார். சீடர்கள் பட்டியலைப் படித்துப் பார்த்தனர். அவருடைய வேட்டி இருந்தது, சட்டை இருந்தது, குரு இல்லை! உடைகளை மட்டும் எடுத்துக்கொண்டனர். குழியில் கிடந்தபடியே அவர் தம்மையும் பட்டியலில் சேர்த்து எழுதிக் கொடுத்த பிறகே தூக்கிவிட்டனர். இக்கதையில் சிரிப்பு சீடர்மேல் பாதியும், எழுத்தை மட்டும் நம்பக் கற்பித்த குருவின்மேல் பாதியும் விழுகிறது. எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்து, வளர்ந்த பிறகு தமிழைக் கற்றவர். அவரும் தமிழ் கற்ற தொடக்கத்தில் ஜாடன், ஜாடு போன்ற குழப்பங்களைக் கடந்தே வந்திருப்பார்.

துடைப்பம் கொண்டுவந்த மாணவனிடம் இருந்தது எது? அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு விடாதவன் அல்லன். சொல்லின் பொருள் தெரியாதவன். அதுவும் பிறந்த மொழியில் அன்று, பத்து நாள் கேட்ட மொழியில். ஆகவே அது மடன் அன்று. அறியாமை என்ற பொருளில் பேதைமை எனலாம். வகுப்பு முதலில் சிரித்த சிரிப்பு அத்தகையது. அதில் யார்மேலும் குற்றம் இல்லை. தோளில் துடைப்பத்தோடு ஒருவன் நுழைந்தால் யாரும் சிரிப்பர். பெயர் சூட்டப்பட்ட நொடியில்தான் அது எள்ளலாயிற்று. ஒரு நாட் பிழை ஓர் ஆளின் இயல்பாகவும், பின் அவன் ஊரின் இயல்பாகவும் ஆக்கப்பட்டது.

பெயரை மாற்றிப் பார்த்தல்

ஒரு படக்கதையின் சிரிப்பு எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. பாத்திரத்தின் பெயரையும் ஊரையும் மாற்றிப் படித்துப் பார்க்க வேண்டும். மாற்றிய பின்னும் சிரிப்பு வந்தால், அது நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. மாற்றியவுடன் சிரிப்பு போய்விட்டால், அது அந்தப் பெயரின்மேலும் ஊரின்மேலும் விழுந்துகொண்டிருந்தது.

அக்காவும் தம்பியும் நூலக இதழ்களை வைத்துக்கொண்டு இதனைச் செய்து பார்த்தனர். சுப்பாண்டிக்குப் பதிலாக ராம்லால் என்று படித்தனர். கதைகள் அப்படியே நின்றன, சிரிப்பும் குறையவில்லை. "அப்படியானால் கதையில் குற்றம் இல்லை" என்றான் தம்பி. அவன் சொன்னதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. ஒவ்வொரு கதையிலும் எள்ளல் இல்லாதிருக்கலாம். ஆனால் வடபுலத்துப் பிள்ளை ஒன்று கேட்டறிந்த ஒரே தமிழ்ப் பெயர் ஒரு பேதையின் பெயராக இருந்தால், அடுத்து வரும் தமிழ்ப் பிள்ளைக்கு அப்பெயரே முதலில் கிடைக்கும். ஒரு கதையைத் தனியாகப் படிப்பதும், அது உலவும் இடத்தோடு சேர்த்துப் படிப்பதும் வேறுவேறு.

இதே சோதனையில் நில்லாதவையும் உண்டு. 1968இல் வெளிவந்த 'படோசன்' என்னும் இந்தித் திரைப்படத்தில் மெஹ்மூத் ஏற்ற தமிழ் இசையாசிரியர் வேடம் பலரைச் சிரிக்க வைத்தது. நடிப்புத் திறன் பெரிது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வேடத்திலிருந்து தமிழ் உச்சரிப்பையும் குடுமியையும் எடுத்துவிட்டால் சிரிப்பில் மிகுதியாக எஞ்சுவது குறைவே.

"அவர்கள் நம்மைக் கண்டு சிரிக்கிறார்கள்" என்றான் தம்பி.

அக்கா சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "சென்ற வாரம் வண்டியில் வரும்போது நீ ஒரு சர்தார்ஜி துணுக்குச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? ஊரில் படித்தது என்று சொல்லி நீயே முதலில் சிரித்தாய். உன் முன் இருக்கையில் யார் இருந்தான்?" என்று கேட்டாள்.

அவன் வகுப்புத் தோழன் ஒருவன், தலையில் பட்கா கட்டிய பையன், முன் இருக்கையில் இருந்தான். துணுக்குத் தமிழில் சொல்லப்பட்டதால் அவனுக்குப் புரியவில்லை. 'சர்தார்ஜி' என்ற சொல் மட்டும் புரிந்திருக்கும். ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

தமிழ் இதழ்களில் இத்தகைய துணுக்குகள் ஏராளமாக வந்துள்ளன. தமிழ்த் திரைப்படங்களில் வட்டிக்கடைச் சேட்டு 'நம்பள்', 'நிம்பள்' என்று தமிழைச் சிதைத்துப் பேசுவார், அரங்கு சிரிக்கும். பெயரை மாற்றிப் பார்க்கும் சோதனையை அவற்றின்மேலும் வைக்க வேண்டும். நம்மேல் விழும்போது மட்டும் எள்ளலை அடையாளம் காண்பது பாதி வாசிப்பே.

தம்பி அன்றிரவு ஒரு தாளை எடுத்து நான்கு கட்டங்கள் வரைந்தான். முதற்கட்டத்தில் ஆசிரியர், அவர் குமிழியில் 'ஜாடன்' என்ற சொல். இரண்டாம் கட்டத்தில் மாணவன், தலைக்குமேல் மேகக்குமிழி, அதில் ஒருபுறம் துணி, மறுபுறம் துடைப்பம், நடுவில் ஒரு வினாக்குறி. மூன்றாம் கட்டத்தில் துடைப்பத்தோடு அவன் நுழைகிறான். வகுப்பு முழுவதும் பற்கள். அந்தப் பற்களுக்கு நடுவே, சிரிக்காத முகம் ஒன்றை அவன் வரைந்தான். அதன் தலையில் பட்கா இருந்தது. அவன் உண்மையிலேயே சிரிக்கவில்லையா, அல்லது இப்போதுதான் அப்படித் தோன்றுகிறதா என்று அக்கா கேட்டாள். அவனுக்கே தெரியவில்லை. நாளை கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான்.

நான்காம் கட்டத்தை அவன் வெறுமையாக விட்டிருந்தான்.

அருஞ்சொற்பொருள்

நகை - சிரிப்பு. மெய்ப்பாடு - உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதல். விளி - அழைக்கும் சொல். பட்கா - சீக்கியச் சிறுவர் தலையில் கட்டும் துணி. கடிந்துகொள்ளுதல் - கண்டித்துப் பேசுதல்.

சிந்தித்து எழுதுக

1. தேங்காய்ப் படக்கதையில் முதலாளியின் கட்டளையில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, கதை நடவாதபடி செய்க. எச்சொல்லை மாற்றினீர்கள்? ஏன்?

2. அதே கதையை வேலைக்காரனின் பார்வையில் நான்கு கட்டங்களாக மாற்றி அமைக்க. முதற்கட்டத்தில் அவன் பெயர் இடம்பெற வேண்டும்.

3. நீங்கள் வாழும் ஊரில் பிறமொழி பேசுவோரைப் பற்றி வழங்கும் துணுக்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெயரை மாற்றிப் படித்தபின் சிரிப்பு எஞ்சுகிறதா? நகை நான்கனுள் அது எதனைச் சாரும்? துணுக்கை எழுத வேண்டா. உங்கள் முடிவையும் அதற்குரிய காரணத்தையும் மட்டும் எழுதுக.

4. உங்கள் வீட்டில் பாட்டியோ தாயோ சொல்லக் கேட்ட பேதை ஒருவனின் கதையைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதி வருக. கதை தெரியாதவர்கள், இவ்வாரம் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது கேட்டறிக.

5. தம்பி வெறுமையாக விட்ட நான்காம் கட்டத்தை வரைக.